நானூற்று இருபத்திரண்டு தோல்விகள்

எங்கள் கால்பந்துக் கழகம் ஊரை விட்டுப் போகிறது என்ற செய்தியை எனக்குச் சொன்னவர் கழகத் தலைவர் இல்லை, ஜெர்சி துவைக்கிறவர். "அடுத்த மாசத்துலேருந்து துவைக்க வேண்டாம்னுட்டாங்க" என்றார். இனிமேல் அழுக்கோடு விளையாடுவது என்று முடிவெடுத்துவிட்டார்களாக்கும் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததில் தப்பில்லை. அதைவிட மட்டமான முடிவுகளெல்லாம் எங்கள் கழகத்தில் எடுக்கப்பட்டு, கைதட்டி வரவேற்கப்பட்டிருக்கின்றன.

நான் மைதானத்தின் ஸ்கோர் பலகைக்காரன். வடக்குக் கோடியில் ஓர் ஏணி, ஏணிக்கு மேல் ஒரு பரண், பரண் நிறையத் தகர எண்கள். கோல் விழுந்தால் பழைய எண்ணைக் கழற்றிவிட்டுப் புதிய எண்ணை மாட்ட வேண்டும். இருபத்தாறு வருடமாக இதுதான் என் பிழைப்பு. எதிரணிக்கு மாட்டுகிற எண்கள் தேய்ந்து ஓட்டையே விழுந்துவிட்டன. எங்கள் பக்கத்து எண்களில் நான்குக்கு மேற்பட்டவை வாங்கிவந்த காகிதத்தைக்கூடப் பிரிக்காமல் கிடக்கின்றன. மாட்டுவதோடு நிற்காமல் ஒவ்வோர் ஆட்டத்தையும் ஒரு நோட்டில் எழுதியும் வைப்பேன். எனக்கு முன்னால் இருந்த பலகைக்காரரும் எழுதிவைத்தார். யாரும் எழுதச் சொல்லவில்லை, எழுதாதே என்றும் சொல்லவில்லை. கழகம் பிறந்த நாளிலிருந்து ஆடிய எண்ணூற்று நாற்பத்திரண்டு ஆட்டங்களுக்கும் உலகத்தில் இருந்த ஒரே முழுப் பதிவு எங்கள் நோட்டுகள்தான்.

துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள் ஆரம்பித்த கழகம் இது. அதனால் பெயரே மூட்டைக்காரர்கள். சாம்பல் நிற ஜெர்சி, அதில் மூட்டை சுமக்கும் ஓர் ஆளின் படம். கைமாறிக் கைமாறிக் கடைசியில் குளியலறைக் குழாய் வியாபாரி ஒருவரிடம் வந்து சேர்ந்தது. அவர்தான் தலைவர். மைதானத்தில் எல்லோரும் அவரைக் குழாய் என்போம், அவர் காதில் விழாமல்.

குழாய் எங்களை ஒரு மதியம் கேன்டீனில் கூட்டி நிறுத்தி மைக்கைப் பிடித்தார். முப்பது பேருக்கு மைக் தேவையில்லை, ஆனால் மைக் இல்லாமல் அவருக்குப் பொய் சரளமாக வராது.

"நாம இந்த ஊரை விட்டுப் போகல" என்றார். "தப்பாப் பேசறாங்க. நாம முன்னால போறோம், இந்த ஊருதான் நம்மகூட வர மறுக்குது."

பக்கத்தில் மாற்றத்துறை இயக்குநர் என்று ஒருவர் நின்றார். இரண்டு கையிலும் இரண்டு போன். குழாய் முடித்ததும் அவர் திரையில் படம் காட்டினார். அணிக்குப் புதுப் பெயர் பேரலை. புது நிறம் ஊதா. புது ஊரில் புது மைதானம். அந்த ஊருக்கும் கடலுக்கும் ஒரு பகல் முழுக்க ரயிலில் போக வேண்டும். இங்கே கடலை ஒட்டி இருந்தபோது மூட்டை, அங்கே பொட்டல் நடுவில் அலையா என்று ஜெர்சி துவைக்கிறவர் கேட்டேவிட்டார்.

"கடல்ங்கறது ஒரு மனநிலை" என்றார் இயக்குநர்.

"மூட்டைக்காரர் படத்தை ஏங்க எடுத்துட்டீங்க?" என்றார் துவைக்கிறவர்.

"முதுகு வளைஞ்சிருக்கு பாருங்க. வளைஞ்ச முதுகு முதலீட்டாளர்களுக்கு நல்ல சேதி சொல்லாது."

புது லோகோவும் ஒரு வளைந்த கோடுதான். அதைச் சுட்டிக்காட்டியபோது, "இது நம்பிக்கையோட வளைஞ்சிருக்கு" என்று விளக்கினார். அந்தக் கோட்டைக் கண்டுபிடிக்க எட்டு மாதம் ஆனதாம். கடைசியாக ஓர் உத்தரவும் போட்டார். அன்றிலிருந்து கழகத்தில் யாரும் தோல்வி என்ற சொல்லை உச்சரிக்கக் கூடாது. கற்றல் என்று சொல்ல வேண்டும். போன வாரம் ஐந்து கோல் வாங்கினோமே, அது ஆழ்ந்த கற்றல்.

ஒரு வாரம் கழித்து என்னை நோட்டுகளோடு அலுவலகத்துக்கு வரச் சொன்னார்கள். இரண்டு சாக்குப் பைகளில் சுமந்துகொண்டு போனேன். மேசை மேல் "வரலாற்றுப் பங்கீட்டுக் குழு" என்று பலகை வைத்திருந்தது. குழுவில் இயக்குநர் ஒருவர்தான் இருந்தார்.

"கழகம் போகுதுன்னா வரலாறும் கூடப் போகணும் இல்லையா" என்றார். "ஆனா மொத்தமாக் கொண்டுபோறது புது ரசிகர்களுக்கு நியாயம் இல்லை. அவங்க புதுசா வீடு கட்டிக் குடிவர மாதிரி. ஓட்டை உடைசலை அங்க கொண்டுபோய் இறக்கலாமா? வெற்றியும் சமனும் எங்ககூட வரும். மீதி இங்கயே இருக்கட்டும்."

"தோல்வியைச் சொல்றீங்களா?"

அவர் முகத்தைச் சுளித்தார். நான் திருத்திக்கொண்டு, வெற்றி இருநூற்றுப் பதினான்கு, சமன் இருநூற்று ஏழு என்று படித்தேன். அடுத்த எண்ணைப் படிக்க வாயெடுத்தபோது கையைக் காட்டி நிறுத்தினார்.

"அதை எண்ணாதீங்க. கற்றல்களை எண்றது நம்ம கொள்கைக்கே எதிரானது. எண்ணினா மனசுல ஒட்டிக்கும்."

எனக்கு ஏற்கனவே ஒட்டியிருந்தது. நானூற்று இருபத்தொன்று.

தோல்விகளைச் சும்மா தெருவில் போட்டுவிட்டுப் போக முடியாது, சட்டப்படி யாராவது பெற்றுக்கொள்ள வேண்டும் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். அதற்காகவே பழைய ஊர்ப் பாரம்பரியச் சங்கம் என்று ஒன்றை உருவாக்கினார்கள். தலைவர் நான், செயலாளர் நான், உறுப்பினர்களும் நான். நோட்டுகளிலிருந்து தோல்விப் பக்கங்களைப் பிரித்துத் தனியாகத் தைத்து, ஓர் இரும்பு அலமாரியில் பூட்டி, அதற்கு ஊதா நாடா கட்டி, குழாய் அதை வெட்டிச் சாவியை என் கையில் கொடுத்தார். "இந்த ஊருக்கு நாங்க எதையும் விட்டுட்டுப் போகலன்னு இனிமே எவனும் பேச முடியாது" என்றார். பத்திரிகைக்காரர்கள் படம் எடுத்தார்கள். நான் திருதிருவென்று விழித்துக்கொண்டு நிற்கிறேன் அதில்.

இது வரைக்கும் எனக்கு எரிச்சல்தான், வருத்தமில்லை. வருத்தம் அண்ணன் விஷயத்தில் வந்தது.

என் அண்ணன் தையல் மெஷின் ரிப்பேர் பார்க்கிறவர். அதற்கு முன்னால் ஒன்பது வருடம் இந்தக் கழகத்தின் மாற்று கோல்கீப்பர். மாற்று என்றால் பெஞ்சில் உட்கார்ந்திருப்பது. ஒன்பது வருடமும் உட்கார்ந்திருந்தார். ஒரே ஒரு நாள், இருபத்திமூன்று வருடத்துக்கு முன்னால், முதல் கோல்கீப்பருக்கு வயிற்றுப்போக்கு வந்தது. கொட்டுகிற மழையில் அண்ணன் இறங்கினார். ஒன்றுக்குப் பூஜ்யம் என்று ஜெயித்தோம். கடைசி நிமிடத்தில் எதிரணிக்கு ஒரு பெனால்டி, அதை இடது பக்கம் பாய்ந்து தட்டிவிட்டார். அடுத்த வாரம் முதல் கோல்கீப்பரின் வயிறு சரியாகிவிட்டது. அண்ணன் அப்புறம் ஆடவே இல்லை. ஆடியது ஓர் ஆட்டம், வாங்கிய கோல் பூஜ்யம். கழக வரலாற்றில் ஒரு கோல்கூட வாங்காத கோல்கீப்பர் அவர் ஒருவர்தான். வீட்டில் அவர் வாய்விட்டுப் பெருமைப்பட்ட விஷயம் வேறு எதுவும் எனக்குத் தெரியாது.

அந்த ஆட்டம் வெற்றி. ஆகவே ரயிலேறிப் போய்விட்டது.

புது மைதானத்தின் திறப்பு விழாவுக்கு எங்கள் இருவரையும் பாரம்பரிய விருந்தினர்கள் என்று அழைத்தார்கள். அண்ணன் இருக்கிறதிலேயே நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். வாசலில் எங்கள் கழுத்தில் ஊதா அட்டை ஒன்றை மாட்டி, அலைபோல் கையை ஆட்டச் சொல்லிக் கொடுத்தார்கள். சரியாக ஆட்டாதவர்களை ஓரமாக நிறுத்தி மறுபடி ஆட்டவைத்தார்கள். அண்ணன் மூன்றாவது தடவையில்தான் தேறினார்.

உள்ளே வரலாற்றுக் கூடம். சுவர் உயரத்துக்கு ஒரு திரை. அதில் அண்ணனின் பெனால்டி ஓடிக்கொண்டிருந்தது. மழை அதே மழை, பாய்ச்சல் அதே பாய்ச்சல். பாய்கிறவர்தான் வேறு யாரோ. எண்ணெய் தேய்த்த தலையும் விளம்பரக்காரன் பல்லுமாக ஓர் இளைஞன், ஊதா ஜெர்சியில். கீழே, "நம் நகரத்தின் மாபெரும் வெற்றி."

அண்ணன் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இயக்குநரிடம், "அது நான்தானே?" என்று கேட்டார்.

"கருத்தளவுல நீங்கதான். உங்க முகத்தை ரசிகர் ஆய்வுல போட்டுப் பாத்தோம், எடுபடல."

"பழைய படம் இருக்குமே, அதுல நான் இருப்பேனே" என்றார் அண்ணன்.

"அதைத்தான் மேம்படுத்திட்டோம். பழசு மேலயே புதுசை ஏத்தியாச்சு."

எனக்கு இன்னொன்று உறுத்தியது. "சார், அன்னைக்கு நாங்க ஜெயிச்சதே இந்த ஊர் அணியைத்தான்" என்றேன்.

"தெரியும். அதுலதான் அழகே இருக்கு" என்றார் இயக்குநர். "இந்த ஊரு தன்னையே தோற்கடிச்சு ஜெயிச்சிருக்கு. எந்த ஊருக்கு இந்தத் தைரியம் வரும், சொல்லுங்க?"

வாசல் காவலாளி வயதானவர், இதைக் கேட்டுக்கொண்டு நின்றார். இயக்குநர் நகர்ந்ததும் அண்ணனிடம் வந்தார். "அன்னைக்கு நான் எங்க ஊர் அணிக்காக மைதானத்துக்கு வந்திருந்தேங்க. நீங்க அதைத் தடுத்தப்ப அழுதுட்டேன். இப்ப மணிக்கு ஒருதரம் அதைப் போட்டுக் கைதட்டச் சொல்றாங்க" என்றார். அண்ணன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். அந்தக் கட்டடத்தில் அன்றைக்கு நடந்த ஒரே நாகரிகமான பேச்சு அதுதான்.

எனக்குப் பொறுக்கவில்லை. இயக்குநரை அவர் அறையில் போய்ப் பிடித்தேன். இருநூற்றுப் பதினான்கில் இந்த ஒன்றை மட்டும் எங்கள் ஊருக்கே விட்டுவிடுங்கள், உங்களுக்குப் பெரிதாகக் குறைந்துவிடாது என்று கெஞ்சினேன்.

"வெற்றியை விட்டுக்கொடுக்க முடியாது. கற்றலா இருந்தா தாராளமா எடுத்துக்கிட்டுப் போங்க" என்றார். சொன்னதும் அவருக்கே ஒரு யோசனை பிறந்துவிட்டது. இழுப்பறையைத் திறந்து ஒரு படிவத்தை எடுத்தார். முடிவு மறுவகைப்படுத்தல் விண்ணப்பம். "உங்க அண்ணன் அன்னைக்கு ரெண்டு கோல் விட்டதா எழுதிக் கொடுக்கட்டும். ஆட்டம் கற்றல் ஆயிடும், உங்க அலமாரிக்கு வந்துடும். நாங்களும் படத்தைத் திரையிலேருந்து எடுத்துடறோம். வேற படம் எடுத்துக்கலாம், அந்தப் பையன் வாரம் பூரா சும்மாதான் இருக்கான்."

"நடக்காததை எப்படிங்க எழுதறது? அதுவும் ரெண்டா? ஒண்ணு போதாதா?"

"ஒண்ணுன்னா சமன். சமன் எங்களுக்கு."

வெளியே வந்து அண்ணனிடம் சொல்லும்போது எனக்கே வெட்கமாக இருந்தது. கூடத்தில் மறுபடி கைதட்டல் கேட்டது. அண்ணன் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுப் பேனாவைக் கேட்டார்.

"அண்ணே, வேண்டாம். அது உன் ஆட்டம்."

"அடுத்தவன் வீட்டுல ஜெயிச்சவனா மாட்டியிருக்கறதுக்கு, நம்ம வீட்டுல தோத்தவனா இருந்துட்டுப் போறேன்டா" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். இயக்குநர் முத்திரை குத்தி, வெற்றி நோட்டில் இருந்த அந்த ஆட்டத்தின் பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, அலமாரிக்கென்று படிவத்தை என் கையில் கொடுத்தார். ஒரு தொல்லை ஒழிந்த சந்தோஷம் அவருக்கு.

வீட்டில் அண்ணி பிடித்துக்கொண்டார். "ஒரு கோல்கூட விடாத ஆளுன்னு சொல்லித்தான் எங்கப்பா இவருக்கு என்னைக் கட்டி வெச்சாரு. இருபத்திமூணு வருஷம் கழிச்சு ரெண்டு கோல் விட்டேன்னு எழுதிக் கொடுத்துட்டு வந்து நிக்கறாரு. நீங்களும் பக்கத்துல நின்னு பாத்துட்டுத்தானே வந்தீங்க, தம்பி?" என்றார். அண்ணன் அன்று முழுக்க ஒரு மெஷினைக் கழற்றிப் பூட்டிக்கொண்டே இருந்தார்.

அந்த வருட ஆட்டங்கள் தொடங்கப் பத்து நாள் இருக்கும்போது லீகின் பதிவாளர் எங்கள் ஊருக்கு வந்து இறங்கினார். ஒல்லியான மனிதர், கையில் விதிப் புத்தகம். ஊர் மாறும் கழகங்களின் ஆவணத்தைச் சரிபார்ப்பது அவர் வேலை. இருபது வருடத்தில் இதுதான் முதல் தடவையாம், ஆசையோடு வந்திருந்தார். அலமாரியைத் திறக்கச் சொல்லி, ஸ்டூலில் உட்கார்ந்து, எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டி, ஒவ்வொன்றாக இரண்டு நாள் எண்ணினார். கொள்கை எதுவும் அவருக்குக் கிடையாது.

"நானூத்தி இருபத்திரண்டு" என்றார்.

"ஆமாங்க. எங்க அண்ணனோடதையும் சேத்து."

அவர் விதியைப் படித்துக் காட்டினார். ஒரு கழகம் தன் வரலாற்றை இரண்டு ஊர்களுக்குப் பிரித்துக் கொடுத்தால், ஆடிய ஆட்டங்களில் பாதிக்கு மேல் எந்தப் பக்கம் இருக்கிறதோ அதுதான் கழகம். சரிபாதி என்றால் உரிமையாளர் பக்கம். எண்ணூற்று நாற்பத்திரண்டில் பாதி நானூற்று இருபத்தொன்று. எங்களிடம் ஒன்று கூடுதல்.

"அப்ப?" என்றேன். எனக்கு இன்னும் விளங்கவில்லை.

"அப்ப லீக்ல இருக்கற இடம், பேரு, ஜெர்சி நிறம் எல்லாமே இந்த அலமாரிக்குச் சொந்தம். சாவி உங்ககிட்டதானே இருக்கு? அங்க ஊதாச் சட்டையோட இருக்கறது ஒரு புது அணி. அவங்க ஏழாம் பிரிவுலேருந்து ஆரம்பிக்கணும்."

ஏழாம் பிரிவு என்றால் தபால்காரர் சங்கமும் முடிதிருத்துவோர் சங்கமும் ஆடுகிற பிரிவு. கோல் கம்பத்தை அவரவரே தூக்கிக்கொண்டு வர வேண்டும்.

குழாய் அன்றைக்கே டிவியில் வந்தார். ஊதா டையைக் கழற்றிவிட்டுச் சாம்பல் டை கட்டியிருந்தார். "அந்தத் தோல்விகள் எங்க ரத்தத்துல ஊறினது" என்றார். கற்றல் எங்கே போயிற்றோ தெரியவில்லை. "ஒவ்வொரு தோல்வியையும் நாங்க பாடுபட்டுச் சேத்தோம். என் நிர்வாகத்துல மட்டுமே நூத்திப் பத்துக்கு மேல சேத்திருக்கோம். அதையெல்லாம் ஒரு பலகைக்காரர் அமுக்கிக்கிட்டு உக்காந்திருக்கறது அநியாயம்."

இங்கே மைதானம் திறந்துவிட்டது. ஆடத் தெரிந்தவர்கள், ஆடத் தெரியும் என்று நினைத்தவர்கள், மொத்தம் தொண்ணூறு பேர் வந்து வரிசையில் நின்றார்கள். கிரேன் ஓட்டுகிறவர்கள், இரண்டு வாத்தியார்கள், மீன் குளிர்பதனக் கிடங்குக்காரர் ஒருவர். ஜெர்சி துவைக்கிறவர் பழைய சாம்பல் ஜெர்சிகளைத் தேடியெடுத்து அலசிக் கொடியில் போட்டார். அண்ணன் கடையைச் சாயங்காலம் சீக்கிரமே பூட்டிவிட்டு, கோல்கீப்பராக நிற்க ஆசைப்பட்ட ஐந்து பேருக்கு விழுவது எப்படி என்று சொல்லிக் கொடுத்தார். அவர் மைதானத்துக்குள் இறங்கி இருபத்திமூன்று வருடம் ஆகியிருந்தது.

குழாய்க்கு ஒரே வழிதான் மிச்சம். அண்ணனின் ஆட்டம் வெற்றி என்று திரும்ப எழுதப்பட்டால், அது ரயிலேறிப் போய்விடும். கணக்கு சரிபாதியாகிக் கழகம் அவர் பக்கம் சாய்ந்துவிடும். அதற்குப் பதிவாளர் முன்னிலையில் கோல்கீப்பர் தன் வாயால் சொல்ல வேண்டும். படம் போட்டு நிரூபிக்கலாமென்றால், படத்தில் ஊதாச் சட்டைக்காரன் பல்லைக் காட்டிக்கொண்டு பாய்கிறான்.

அவர்கள் வருகிற அன்று காலையில் அண்ணனிடம் மனதில் பட்டதைச் சொல்லிவிட்டேன். "அண்ணே, கழகத்தைப் பத்திக் கவலைப்படாத. உண்மையைச் சொல்லிடு. உனக்குன்னு இருக்கறது அது ஒண்ணுதான்." அண்ணன் மெஷினுக்கு எண்ணெய் விட்டார். அண்ணி கடையைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

பத்து மணிக்குக் குழாய், இயக்குநர், பதிவாளர் மூன்று பேரும் கடைக்குள் நுழைந்தார்கள். கடையில் இரண்டு ஸ்டூல்தான். பதிவாளர் உட்கார்ந்தார், மற்ற இருவரும் மெஷின்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு நின்றார்கள்.

"நாங்க பெரிய தப்பு பண்ணிட்டோம்" என்றார் குழாய். குரல் தழுதழுத்தது, அதற்கு அவரிடம் நல்ல பயிற்சி உண்டு. "உங்க மாதிரி ஒரு ஆளை இந்தக் கழகம் பாத்ததில்ல. படத்தை உங்க முகத்தோடயே திரும்ப எடுக்கறோம். மைதான வாசலுக்கு உங்க பேரு. ஒரு கோல்கூட வாங்காத ஒரே கோல்கீப்பர்னு கல்லுல வெட்டி வெக்கறோம். நீங்க உள்ளதைச் சொன்னாப் போதும், பொய் சொல்லச் சொல்லல."

அது மட்டும் நிஜம். அந்த மனிதர் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவரை உண்மை பேசச் சொல்லிக் கேட்டார்.

பதிவாளர் பேனாவைத் திறந்தார். "இதுல சிபாரிசு எதுவும் செல்லாது. உங்க வாய்மொழிதான். அன்னைக்கு எத்தனை கோல் உள்ள போச்சு?"

அண்ணன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். அண்ணியைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.

"ரெண்டு" என்றார்.

இயக்குநர் பாய்ந்து முன்னால் வந்தார். "சார், பொய் சொல்றாரு. அவரு இடது கை மோதிரவிரலைப் பாருங்க. அந்தப் பெனால்டியைத் தடுக்கும்போது உடைஞ்ச விரல் அது, கோணலாவே சேந்துடுச்சு. இது ஊருக்கே தெரியும்."

எல்லோரும் அந்த விரலைப் பார்த்தோம். பந்து பட்டு உடைந்த விரலோடு அன்று மழையில் நனைந்து அவர் வீட்டுக்கு வந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. வலி தாங்காமல் அழுதார், அழுதுகொண்டே சிரித்தார்.

"இது மெஷின்ல மாட்டினதுங்க" என்றார் அண்ணன். "இந்தத் தொழில்ல இதெல்லாம் சகஜம்."

அண்ணி முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். பதிவாளர் விரலையும் அண்ணன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு குனிந்து எழுதத் தொடங்கினார். அண்ணன் எட்டிப் பார்த்து, அவருக்குக் கேட்கும்படி நிதானமாகச் சொன்னார்.

"மொதல் கோலு காலுக்கு நடுவுல போச்சுங்க. பெனால்டிக்கு நான் வலது பக்கம் விழுந்துட்டேன். அதையும் சேத்து எழுதிக்குங்க."